ஜப்பான் அண்ணையும் பாதி ஜப்பான் காரும்

கனடாவின் ஸ்காபரோவில் கார் வைத்திருக்கும் தமிழர்களில் பாதிப் பேரை ஜப்பான் அண்ணை ஒருமுறையாவது அவமானப்படுத்தியிருப்பார். மீதிப் பேர் இன்னும் அவருடைய கராஜுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சுவரில் தொங்கிய மெக்கானிக் லைசென்ஸில் அது அச்சிடப்பட்டிருந்தது. அதன் மேல் யாரோ கலண்டரை மாட்டிவிட்டார்கள். என் அப்பாவை விட மூன்று வயது மூத்தவர். அப்பாவுக்கும் அவர் அண்ணை, எனக்கும் அண்ணை, தபால் கொண்டுவரும் பிலிப்பினோக்காரருக்கும் அண்ணை. ஜப்பானுக்கு அவர் போனதில்லை. யாழ்ப்பாணம், கொழும்பு, ரொறன்ரோ, ஒரு கல்யாணத்துக்காக மொன்றியல், இவ்வளவுதான் அவர் பார்த்த உலகம். மொன்றியலிலும் தாலி கட்டும் நேரம் பாக்கிங்கில் நின்று, வந்திருந்த கார்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாராம்.

பொறியியல் படிப்பின் கடைசி மூன்று வருடமும் அந்தக் கராஜில் பகுதிநேரமாக மேசை வேலை பார்த்தேன். வெக்ஸ்போர்ட்டில், ஒரு பிளாசாவின் பின்பக்கம், அப்பக் கடைக்கு அடுத்த கதவு. யாருடைய கார், என்ன வருத்தம், என்ன சாமான் வேண்டும் என்று எழுதி வைப்பது என் பொறுப்பு. எதையும் பட்டியல் போடாமல் என்னால் இருக்க முடியாது. எதையும் இரண்டாகப் பிரிக்காமல் அவரால் இருக்க முடியாது. அதனால் ஒத்துப்போயிற்று.

அந்த இரண்டு பிரிவுகள் ஜப்பான், அமெரிக்கா. கார்கள் மட்டுமல்ல, மனிதர்களும் அதற்குள் அடக்கம். சொன்ன நேரத்துக்கு வந்து சத்தமில்லாமல் போகிறவர்கள் ஜப்பான். பெரிய கதை கதைத்து, திரும்புவதற்கு அரை றோட்டைக் கேட்பவர்கள் அமெரிக்கா. அப்பக் கடைக்காரர் ஜப்பான். அவருடைய சம்பல் அமெரிக்கா. என் பெரியப்பாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்பா, பாவம், இவரிடம் அபிப்பிராயம் கேட்டார்.

"பெடியன் நல்லவன். ஆனா அமெரிக்கன் எஞ்சின். குளிருக்க ஸ்ரார்ட் வர நேரம் எடுக்கும்" என்றார்.

கல்யாணமாகி நான்கு வருடம். மாப்பிள்ளை இன்றும் சனிக்கிழமைகளில் பத்து மணிக்கு முன் எழும்புவதில்லை.

ஜப்பான் கார் ஒன்றில் ஏறும் முன், கோயிலுக்குள் போவதுபோல் சப்பாத்தைக் கழற்றுவார். மைனஸ் இருபதிலும் கழற்றுவார். அமெரிக்கன் காரோடு யாராவது வந்தால் பொனற்றைத் திறக்கவே மாட்டார். செத்த வீட்டுக்குப் போன குரலில், "உந்தக் காரை உங்களுக்கு ஆர் வாங்கித் தந்தது?" என்று மட்டும் கேட்பார்.

இப்படி ஒருவர் கராஜ் நடத்த முடிந்ததற்குக் காரணம், கராஜில் பாதி அவருடையதல்ல. அந்தப் பாதி அவருடைய மனைவியின் தம்பி வாசன் அண்ணைக்குச் சொந்தம். வாசன் அண்ணைக்கு அமெரிக்கன் வாகனங்கள் தவிர மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான். மில்லிக்கனில் ஒரே தொழிற்சாலையில் இருவரும் பக்கம் பக்கமாக நின்று வேலை செய்து, சேர்த்ததைப் போட்டு இதைத் தொடங்கினார்கள். பத்திரத்தில் பாதிப் பாதி. தரையிலும் அப்படியே: நட்டநடுவே ஒரு மஞ்சள் கோடு. காரைத் தூக்கும் இடப்பக்க லிஃப்ற் ஜப்பான், வலப்பக்க லிஃப்ற் அமெரிக்கா. இரண்டு றேடியோ, இரண்டு கேத்தில். ஒரே ஒரு கழிப்பறை. அதற்கும் நேர அட்டவணை கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன், கதவில் ஒட்டியும் விட்டேன்.

இரண்டு பக்கமும் ஓயாமல் தேடிய ஒரே சாமான், நட்டுக் கழற்றும் பத்து மில்லிமீற்றர் சொக்கெற். எந்தக் கராஜிலும் முதலில் தொலைவது அதுதான். நான் இருந்த காலத்தில் முப்பத்தொன்று வாங்கினோம். எந்த நேரத்திலும் கண்ணில் பட்டது இரண்டு. அமெரிக்கா எல்லை தாண்டி வந்து எடுக்கிறது என்று இவர் முறைப்பாடு செய்வார். ஜப்பான்காரர் எல்லாவற்றையும் சின்னதாகச் செய்தால் தொலையாமல் என்ன செய்யும் என்று அவர் பதில் அனுப்புவார். இரண்டையும் நான் எழுதி வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் சந்தோஷமான சண்டை. உண்மையான சண்டை போன வருடம் வசந்தத்தில் வந்தது. வாசன் அண்ணை புதிதாக ஒரு பெரிய அமெரிக்கன் ட்ரக் வாங்கினார். கோயிலில் பூசை, ரயருக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்க வேண்டும். குடும்பத்தில் மூத்தவர் என்று அத்தானை முன் இருக்கையில் வந்து இருக்கச் சொல்லிக் கேட்டார். ஜப்பான் அண்ணை மறுத்துவிட்டார். தன்னுடைய காரில் பின்னால் வந்தார். அதோடு விட்டிருக்கலாம். ஐயர் தேசிக்காய்களை வைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பாக்கிங் சனத்துக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஐயா, உதுக்குத் தேசிக்காய் காணாது. பூசணிக்காய் வையுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். வாசன் அண்ணை சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றது. இரண்டு மாதம், நான்கு மீற்றர் தூரத்துக்கு, நான் மொழிபெயர்ப்பாளர். தமிழிலிருந்து தமிழுக்கு.

கராஜின் லீஸ் முடிய இருந்தது அப்போதுதான். வெள்ளிக்கிழமைக்குள் இருவரும் கையெழுத்து வைத்தால் இன்னும் ஐந்து வருடம். இல்லாவிட்டால் கட்டடக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். வாசன் அண்ணை வைக்கப் போவதில்லை என்றும், தனியாக வேறு இடம் பார்ப்பதாகவும் என்னிடம் சொல்லி அனுப்பினார். இருவரில் யாராலும் தனியாகச் சமாளிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஜப்பான் அண்ணை, "வைக்காட்டி விடட்டும்" என்றார். அன்று பின்னேரம் ஒரு ஜப்பான் காரில் சப்பாத்தோடு ஏறினார். நான் அதையும் குறித்து வைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிக்கரிங்கிலிருந்து ஒரு அன்ரி வந்தார். தினமும் ரயில் நிலையத்துக்கு ஓட்டிப்போகும் பழைய, உயரமான கார். பிறேக் தேய்ந்து சத்தம் போட்டது. முன்னால் அமெரிக்கன் கொம்பனியின் சின்னம். ஜப்பான் அண்ணை அனுதாபம் தெரிவித்துவிட்டு விலகினார். வாசன் அண்ணை பொனற்றைத் திறந்தார். உள்ளே பாகங்களில் ஜப்பான் கொம்பனியின் பெயர். மூடினார். "உது எங்கட சாமான் இல்லை எண்டு அந்தாளிட்டைச் சொல்லு" என்றார். சொன்னேன். முகத்தில் அமெரிக்காவை ஒட்டிக்கொண்டு திரிவதைத் தான் தொடுவதில்லை என்று மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது. கார் மஞ்சள் கோட்டின் மேல் நின்றது. புதன்கிழமையும் நின்றது.

வியாழன் காலை அன்ரி பஸ்ஸில் வந்து இறங்கினார். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு நாளா நான் பஸ்ஸில போறன். உங்கட உலகப் போர் எப்ப முடியும் எண்டு சொன்னா, அதுக்கேத்த மாதிரி லீவு போடுவன்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஒவ்வொரு காரிலும் பதினேழு எழுத்தும் இலக்கமுமாக ஒரு எண் இருக்கும். முதலாவது, எந்த நாட்டில் செய்தது என்று சொல்லும். பதினோராவது, எந்தத் தொழிற்சாலையில் என்று சொல்லும். கராஜுக்கு வரும் எல்லாக் கார்களின் எண்ணும் என்னிடம் பட்டியலாக இருந்தது. அன்ரியின் கார், ரொறன்ரோவிலிருந்து மேற்கே இரண்டு மணித்தியாலத் தூரத்தில், ஒரு அமெரிக்கன் கொம்பனியும் ஒரு ஜப்பான் கொம்பனியும் பாதிப் பாதியாகச் சொந்தம் வைத்திருந்த தொழிற்சாலையில் செய்தது. ஒரே வரிசையில் ஒரே கார் வரும். கடைசியில் சிலதில் இந்தச் சின்னம், சிலதில் அந்தச் சின்னம்.

ஜப்பான் அண்ணை நம்பவில்லை. "ரெண்டு கொம்பனிக்கு ஒரு ஃபக்டரியோ? இஞ்ச ரெண்டு பேர் ஒரு கக்கூசைப் பங்கு போட ஏலாமக் கிடக்கிறம்."

"அண்ணை, உங்கட காரும் அங்கதான் செய்தது" என்றேன்.

அவருடைய சாம்பல் நிறக் கார், பன்னிரண்டு வருடமாக அவர் வெறும் கையால் கழுவும் கார். அது கனடாவில் செய்தது என்பது அவருக்கு முன்பே தெரியும். அதற்கு அவரிடம் விளக்கமும் இருந்தது: "என்ர மகளும் ஸ்காபரோவிலதான் பிறந்தவள், அவள் தமிழ் இல்லையோ?" ஆனால் தொழிற்சாலையில் பாதி அமெரிக்கா என்பது வேறு விஷயம். மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைத் திறந்து, குனிந்து, அந்த எண்ணை நெடுநேரம் வாசித்தார். திரும்பி வந்து என் மேசையில் கையூன்றி நின்றார்.

"எந்தப் பாதி ஜப்பான்?"

பிரித்துச் சொல்ல முடியாது என்றேன். எல்லாவற்றிலும் இரண்டு பேருடைய கையும் இருக்கும்.

"சண்டை பிடிக்கேல்லையோ அவங்கள்?"

"பிடிச்சிருப்பினம் அண்ணை. ஆனா கார் வந்திருக்குத்தானே."

அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். வாசன் அண்ணை ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த நட்டு. "பிள்ளை, உவரைக் கேள். காரை என்ர லிஃப்ற்றில ஏத்திறன். ஒரு சில்லு அவர், ஒரு சில்லு நான். ஓமோ எண்டு கேள்" என்றார்.

நான்கு மீற்றர் நடந்து போய்க் கேட்டேன். நான்கு மீற்றர் நடந்து வந்து ஓமாம் என்றேன்.

பிறேக் தேய்ந்த முன் சில்லுகள் இரண்டு; ஆளுக்கொன்று. ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். வாசன் அண்ணையின் பக்கத்தில் ஒரு போல்ற் துருவேறி இறுகிப்போயிருந்தது. ஒருவர் பிடிக்க ஒருவர் அடிக்க வேண்டும். மூன்று முறை தனியாக முயன்று பார்த்தார். நான் எழும்பவில்லை. பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அத்தான், இதை ஒருக்கா இறுக்கிப் பிடியுங்கோ."

"பிடிச்சிருக்கிறன். அடி."

அடித்தார். கழன்றது. அதற்குப் பிறகு பின்னேரம் வரை இருவரும் ஓயாமல் ஒருவரை ஒருவர் திட்டினார்கள், நேரடியாக. அன்ரி தன் காரில் வீட்டுக்குப் போனார். எனக்கு மொழிபெயர்ப்பு வேலை போயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜப்பான் அண்ணை கையைக் கழுவிவிட்டு வந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கட்டடக்காரரிட்ட உன்ர ட்ரக்கிலேயே போவம். நான் முன்னுக்கு இருக்கிறன்."

வாசன் அண்ணை கொக்கியில் தொங்கிய ட்ரக் திறப்பை எடுத்தார். ஜப்பான் அண்ணை இரண்டு கையாலும் பிடித்து ஏறி, முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை, அவ்வளவுக்கு அவர் இறங்கமாட்டார். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு கையெழுத்தோடும் திரும்பி வந்தார்கள். ட்ரக் எப்படி என்று கேட்டேன். "சீற் பரவாயில்லை. மற்றதெல்லாம் சத்தம்" என்றார். வாசன் அண்ணை அன்று முழுவதும் சிரித்தபடி இருந்தார்.

படிப்பு முடிந்து எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் நல்ல கராஜ் இருக்கிறது. என் காரில் ஒரு குறையும் கிடையாது. பட்டியல் வைத்துச் சரிபார்க்கிறவள் நான். இருந்தும் மாதத்துக்கு ஒருமுறை, முன்பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு வெக்ஸ்போர்ட்டுக்குப் போகிறேன். ஜப்பான் அண்ணை காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். இல்லாத அந்தச் சத்தம் இன்றுவரை ஒருமுறைகூட அவருக்குக் கேட்காமல் போனதில்லை.

"ஓம் பிள்ளை, எனக்கும் கேக்குது" என்கிறார். "அடுத்த மாதமும் ஒருக்காக் கொண்டு வாவன்."