பீங்கான் கிராணியும் மூடியில்லாத ஜாடியும்

மலாயாவில் இருக்கிற அத்தனை பேரும் கோப்பையை மேலிருந்து பார்ப்பவர்கள். கீழிருந்து பார்த்த ஒரே மனிதர் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டாரத்துப் பீங்கான் கிராணி. கடையில் கோப்பி வந்து மேசையில் உட்காரும் முன்பே கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து, அடியில் என்ன முத்திரை இருக்கிறது என்று படிக்க ஆரம்பித்துவிடுவார். உள்ளே கோப்பி இருக்கிற விஷயம் அது சட்டையில் விழுந்த பிறகுதான் அவர் நினைவுக்கு வரும். எந்தச் சட்டை எந்தக் கடையில் நனைந்தது என்று கறையைப் பார்த்தே எங்கள் டோபி சொல்லிவிடுவான்.

ரப்பர் கம்பெனி ஆபீசில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. நான் பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்த சின்ன கிராணி. அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்து அறை என்னுடையது. சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது சம்பளப் புத்தகத்தில் மட்டும் வாழ்ந்தது.

வீட்டில் படுக்க ஒரு நாடாக் கட்டில். மீதி இடமெல்லாம் தட்டு, கிண்ணம், கூஜா, கண்ணாடிக் குப்பி. ஒரு சாமானைக் கையில் எடுத்தால் முதலில் நகத்தால் சுண்டுவார். ‘கிண்’ என்று கேட்டால் முகம் மலரும். ‘டொக்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் என்று அர்த்தம்; துக்கம் கேட்க வந்தவர் மாதிரி கீழே வைப்பார். அடுத்து, பளபளப்பு ஏறாத அடி வளையத்தை நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார். புதுசு சொரசொரக்கும், பழசு வழுக்கும் என்பது அவர் கணக்கு. கண்ணாடியாக இருந்தால் அடியில் தொப்புளைத் தேடுவார்.

“கையால ஊதுன கண்ணாடிக்கு தொப்புள் இருக்கும் தம்பி. மிஷின்ல செஞ்சதுக்கு இருக்காது. அம்மா பெத்தது எது, கம்பெனி பெத்தது எதுன்னு அப்படித்தான் கண்டுபிடிக்கணும்.”

இப்படிப்பட்டவருக்குப் பெண் பார்த்த கதையை நினைத்துப் பாருங்கள். மூன்று இடம் பார்த்தார்கள். மூன்று பெண்களும் கோப்பித் தட்டோடு வந்து நின்றார்கள். மூன்று வீட்டிலும் கோப்பை தலைக்கு மேல் போயிற்று. கடைசி வீட்டில் பெண்ணின் அப்பா, “என்ன மாப்பிள, பிடிச்சிருக்கா?” என்று கேட்டிருக்கிறார்.

“ஜப்பான் சரக்கு. சண்டைக்கு முந்தினது. கைப்பிடி பின்னாடி ஒட்டவச்சது” என்றாராம் இவர்.

அதோடு பெண் பார்ப்பது நின்றது. நான் ஒருநாள், “அந்தப் பொண்ணு எப்படி இருந்துச்சு அண்ணே?” என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். “சாசர்ல நீலப் பூ போட்டிருந்துச்சு” என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். சாமான் விஷயத்தில் அவர் வாயிலிருந்து பொய் வராது. சுதந்திரம் வரப்போகிறது என்று உறுதியானதும் துரைமார்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறத் தொடங்கினார்கள். வாரத்துக்கு ஒரு பங்களாவில் ஏலம், நம் ஆட்கள் பாஷையில் லேலோங். ஊரே போய் துரை வீட்டுச் சாமானாகப் பார்த்து வாங்கியது. எது எதற்கு என்று தெரிந்து வாங்கியவர்கள் குறைவு.

அந்தச் சமயம் பெண்டஹாரா சாலைத் துணிக்கடை முதலாளி வீட்டில் கல்யாணம். பந்தியில் பாயசம் வந்த பாத்திரத்தைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்தார்கள். அகலமான வெள்ளைப் பீங்கான், சுற்றிலும் ரோஜாப்பூ, ஒரு பக்கம் மட்டும் பெரிய காது. முதலாளி அதைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் இலைக்கு எதிரே வந்தார்.

“கிராணி, தொரை வீட்டுச் சாமான். பாத்து ரெண்டு வார்த்த சொல்லுங்க.”

கிராணி சுண்டினார். ‘கிண்’. அடியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

“தம்பி, பாயசம் வாங்கிட்டியா?”

“ரெண்டு தடவ, அண்ணே.”

“அப்ப ஒனக்குச் சொல்லமாட்டேன்.” முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். “ஒசந்த சாமான் மொதலாளி. தொரை இத தெனமும் ராத்திரி கட்டிலுக்குக் கீழயே வச்சிருந்திருப்பாரு.”

“அவ்ளோ பத்திரமாவா?” என்று முதலாளி பூரித்துப் போனார்.

பாதி வழி வந்த பிறகுதான், ராத்திரியில் எழுந்து வெளியே போகச் சோம்பல்படும் துரைக்குக் கட்டிலடியில் அந்தப் பாத்திரம் எதற்கு என்று எனக்கு உறைத்தது. சைக்கிளைச் சாலையோரம் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் புல்லில் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் பாருங்கள், அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மாதிரி ஒரு லேலோங்கில்தான் அந்த ஜாடி அவருக்குக் கிடைத்தது. மலாய்ப் பழக்கத்தில் ஊறிய மலாக்காச் சீனர்களின் நோன்யா வீடுகளில் கம்செங் என்பார்களே, மூடி போட்ட குண்டு ஜாடி, அது. பச்சை உடம்பு, அதில் நீண்ட வால் பறவை, இதழ் இதழாக விரிந்த ரோஸ் நிறப் பூ. துரை அதில் கோல்ப் பந்து போட்டு வைத்திருந்தார். மூடி மட்டும் இல்லை. கிராணி ஜாடியைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வீடு வந்தார். பந்துகள் என் சட்டைப் பையில் வந்தன.

அந்த வருடப் பொங்கலுக்கு முதல் நாள், எங்கள் ஆபீஸ் ஸ்டோர் கிராணி வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். காஜா பெராங்கிலேயே, இரண்டு தெரு தள்ளி. பல தலைமுறைக்கு முன்பே கடல் தாண்டி வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட மலாக்காச் செட்டிக் குடும்பம். வாசல் நிலையில் மாவிலை, உள்ளே முன்னோர்களுக்கு வாழையிலையில் படையல், பேச்சு முழுக்க மலாய். தமிழில் அவர்களுக்கு மிஞ்சியிருந்தது சாமி பெயர்களும் அக்கா, அண்ணன் போன்ற சில உறவுச் சொற்களும்தான். படையலில் ஒரு பலகாரத் தட்டை மூடியிருந்தது ஒரு பீங்கான் மூடி. பச்சை நிறம், நீண்ட வால் பறவை, ரோஸ் பூ.

கிராணி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார். “தம்பி, என் ஜாடியோட மூடி” என்றார்.

ஸ்டோர் கிராணியின் தங்கை நாகம்மா அக்கா. முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கெபாயாச் சட்டையும் சாரோங்கும், காதில் சின்னக் கல் தோடு. கிராணி மூடியை விலைக்குக் கேட்டார். அக்கா மலாயில் சொன்ன பதிலை நான் நம் பாஷையில் தருகிறேன்.

“தாத்தா காலத்திலேருந்து படையல்ல வைக்கிறது. விக்கமாட்டோம், துவான் கிராணி. வேணும்னா வந்து பாத்துட்டுப் போங்க.”

அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிராணி பார்க்கப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். ஒன்றரை வருடம், ஒரு ஞாயிறு தவறவில்லை. சட்டையில் கஞ்சி மொடமொடக்கும், தலையில் எண்ணெய் மினுங்கும். மூடியைக் கையில் எடுத்து ஒரு தடவை சுண்டுவார், ‘கிண்’. பிறகு இரண்டு மணி நேரம் அது மேசையில் கிடக்கும். இவர், நாகம்மா அக்கா கொடுத்த கோப்பியைக் குடிப்பார். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்காமல் அவர் கோப்பி குடித்த ஒரே வீடு உலகத்திலேயே அதுதான். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் நான் படித்தவன் இல்லையா.

தெருவில் கிண்டலுக்குக் குறைவில்லை. “என்ன கிராணி, மூடி நல்லாருக்கா?” என்று கேட்பார்கள். “நல்லாருக்கு, ஒரு கீறல் இல்ல” என்று இவர் மெய்யாகவே பதில் சொல்லிவிட்டுப் போவார்.

சுதந்திரம் வந்து மறு வருடம், ஸ்டோர் கிராணிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு லாரியில் கிளம்புகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. அன்று கிராணி ஒரே கடிதத்தை நான்கு தடவை தட்டச்சு செய்தார், நான்கும் வெவ்வேறு ஆளுக்கு.

எனக்குப் பொறுக்கவில்லை. மூடி சிங்கப்பூர் போய்விட்டால் ஜாடி காலத்துக்கும் மொட்டையாகத்தானே இருக்கும்? மனுஷன் கேட்கக் கூச்சப்படுகிறார், நாமே கேட்டுவிடுவோம் என்று சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்தேன். என் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களில் இவ்வளவு வேகமாகச் சைக்கிள் மிதித்துப் போய்ச் செய்தது இது ஒன்றுதான்.

வீடெல்லாம் பெட்டியும் வைக்கோலும். நாகம்மா அக்கா என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

“அவரு வரலயா?”

“இல்லக்கா. அந்த மூடியத் தர முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

“அவரு கேட்டாரா?”

நான் கேட்டேன் என்றால் தருவார்களா? “ஆமாக்கா. அவருதான் அனுப்புனாரு.”

“மூடிதான் கேட்டாரா?”

“ஆமாக்கா. மூடி மட்டும்தான்.”

அக்கா உள்ளே போனார். வர நேரமாயிற்று. ஒரு பாத்தேக் துணியில் மூடியைச் சுற்றி என் கையில் வைத்தார். விலை பேசவில்லை. படையல் சாமானைக் கொடுக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கிராணியின் மேசையில் துணியைப் பிரித்தேன். அவர் பார்த்தார். நானே மூடியை எடுத்து ஜாடிமேல் வைத்தேன். உட்காரவில்லை. திருப்பி வைத்தேன். ஒரு பக்கம் சரிந்தது, ‘கடக் கடக்’ என்று ஆடியது. விரல் நகக் கனம் பெரிதாக இருந்தது மூடி.

“அண்ணே, சேரலயே.”

“சேராது.”

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியும்டா. வேற ஜாடியோட மூடி அது.”

“அப்ப ஒன்றரை வருஷமா எதுக்குப் போனீங்க?”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். “ஞாயித்துக்கெழம வேற எங்கடா போறது?” என்றார்.

சாமான் விஷயத்தில் பொய் சொல்லாத மனுஷன், வாழ்க்கையில் ஒரே ஒரு மூடியைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறார்.

“நான் கேட்டேன்னா சொன்ன?”

“ஆமாண்ணே.”

“மூடி மட்டும்னா?”

நான் தலையாட்டினேன். அவர் நாடாக் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை மூடியைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். லாரியில் சாமான் முக்கால்வாசி ஏறிவிட்டது. நாகம்மா அக்கா வாசலில் ஒரு மரப்பெட்டி பக்கத்தில் நின்றிருந்தார். பெட்டிக்குள் வைக்கோலுக்கு நடுவே ஒரு ஜாடி. பச்சை உடம்பு, நீண்ட வால் பறவை. கழுத்து விரல் நகக் கனம் அகலம்.

கிராணி அதைப் பார்த்தார். அக்கா, அவர் பார்த்ததைப் பார்த்தார்.

“இது அதோட மூடி” என்றார் கிராணி.

“தெரியும்.”

“ஒன்றரை வருஷமா இந்த ஜாடி என் கண்ணுலயே படலயே.”

“நீங்க வர்ற நாள்ல அலமாரிக்குள்ள இருக்கும்” என்றார் அக்கா. “ஒங்க ஜாடிக்கு மூடி சேர்ந்துச்சா?”

“சேராதுன்னு எனக்கும் தெரியும்.” ஒரு மூச்சு விட்டு, என்னைக் காட்டினார். “இவன நான் அனுப்பல.”

“அப்ப யாரு அனுப்புனா?”

“நானாத்தான்க்கா வந்தேன்” என்றேன் சைக்கிளுக்குப் பின்னாலிருந்து.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அடியும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. லாரியிலிருந்து அண்ணன் ஹாரன் அடித்தார். கிராணி நீட்டிய மூடியை அக்கா வாங்கவில்லை. துணியின் நுனியை மட்டும் சரியாக மடித்துவிட்டார்.

“ஜாடி என்கிட்ட இருக்கட்டும். மூடி ஒங்ககிட்ட இருக்கட்டும்.”

கிராணி என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றரை வருடம் சேர்த்து வைத்தது எல்லாம் இப்போது வரப்போகிறது என்று நானும் காத்திருந்தேன்.

“வைக்கோல் பத்தாது. அடியில இன்னும் கொஞ்சம் வைங்க” என்றார்.

லாரி போய்விட்டது.

இது நடந்து இரண்டு வருடம். கிராணியின் அலமாரியில் மூடி தனியாக இருக்கிறது. சொந்த ஜாடி மேல் அவர் அதை ஒருநாளும் வைத்ததில்லை. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து நல்ல விலைக்குக் கேட்டார். “இதுக்கு ஜாடி இருக்கு. சிங்கப்பூர்ல” என்று அனுப்பிவிட்டார். ‘என் ஜாடியோட மூடி’ என்று அன்று சொன்ன பொய்யை இப்படி மெய்யாக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். சிங்கப்பூர் போக லீவுக் கடிதம் எழுதுகிறார், கிழிக்கிறார். குப்பைக் கூடை என் மேசைக்குக் கீழேதான் இருக்கிறது. எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது, போன மாதம் கோப்பிக் கடையில் புதுக் கோப்பை வந்தது. மனுஷன் அடியைப் பார்க்காமல் குடித்துவிட்டு எழுந்து போனார். கடைக்காரர் என்னிடம் ஓடி வந்து, “கிராணிக்கு ஒடம்புக்கு முடியலயா?” என்று கேட்டார்.

அதனால் நான் மறுபடியும் ஒரு வேலை செய்துவிட்டேன். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான். எங்கள் பழைய ஸ்டோர் கிராணிக்குக் கடிதம் எழுதினேன். பதில் தங்கையிடமிருந்து வந்தது, மலாயில், ஒரே வரி: ‘ஜாடி இன்னும் திறந்துதான் இருக்கிறது.’

அண்ணே, இந்தப் பத்திரிகையை நீங்கள் வாரம் தவறாமல் வாங்குவது எனக்குத் தெரியும். கிழித்துப் பீங்கான் சுற்றுவதற்கு முன் இந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். வருகிற சனிக்கிழமைக்குத் தம்பின் ஸ்டேஷனிலிருந்து சிங்கப்பூர் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். உங்கள் லீவுக் கடிதத்தையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் மூடியை மட்டும் எடுத்து வாருங்கள். வைக்கோல் நான் கொண்டு வருகிறேன், இந்தத் தடவை நிறைய.