வுபித்தின் உரலும் ஒரு பேரிங்கும்

திரையில் பச்சைக் கோடு சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு குதி. மறுபடி சமர்த்து. மறுபடி ஒரு குதி.

"தேயுது! தேயுது!" என்று கத்தினான் பெலாச்சு, முதல் குழந்தை பிறந்த சேதி கேட்டவன் மாதிரி.

அடிஸ் அபாபா விமானப் பட்டறையில் இன்ஜின் பாகங்களுக்கு ஆயுசு கணிப்பதுதான் அவன் வேலை. எது எப்போது தேயும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அது ஆகாயத்தில் காலை வாரும் முன் தரையிலேயே மாற்றிவிடலாம். அதற்கென்று அவனே ஒரு கணினி நிரல் எழுதியிருந்தான். அவன் மனைவி சும்மா இருப்பாளா? "எங்க வீட்டுக்காரர் விமானத்துக்கே குறி சொல்றாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுக்காரி தன் பிரிட்ஜ் எப்போது மண்டையைப் போடும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். கேட்டதில் தப்பில்லை, அவன் உட்கார்ந்து கணக்குப் போட்டதுதான் தப்பு. அந்த பிரிட்ஜ் இன்றுவரை ஜம்மென்று ஓடுகிறது.

பட்டறையிலும் அதே ராசிதான். அவன் முதலில் கணித்தது ஓர் எண்ணெய் பம்ப். தேய்ந்துவிட்டது என்று சத்தியம் செய்தான். பிரித்துப் பார்த்தால், கல்யாணத் தட்டு மாதிரி பளபளத்தது.

"அடுத்ததும் இப்படி ஆச்சுன்னா, கணினியை மூட்டை கட்டிட்டு டயர் பக்கம் போயிடு. அங்க தேய்மானம் கண்ணுக்கே தெரியும்" என்று சொல்லியிருந்தார் மேலாளர் ஷிமெலிஸ்.

அந்த "அடுத்தது"தான் இந்த பேரிங். ஐரோப்பாவுக்கு ரோஜாப் பூ சுமக்கும் சரக்கு விமானத்தின் இன்ஜினிலிருந்து கழற்றியது. பூதக்கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளுக்குள்ளே உளுத்துப்போகிறது என்றது பெலாச்சுவின் நிரல். மாற்று பேரிங் ஸ்டோரில் ஒன்றே ஒன்று; அதுவும் வேறு விமானத்துக்கு ஒதுக்கியது. இதையே திரும்ப மாட்டுவதா வேண்டாமா என்று வியாழனுக்குள் சொல்லியாக வேண்டும்.

மற்ற இயந்திரங்கள் அதிர்ந்தால் சோதனை கெட்டுவிடும். அதனால் எல்லாரும் காபிக்குப் போகும் நேரத்தில்தான் பெலாச்சு பேரிங்கைச் சுழலவிட்டு அதிர்வை அளப்பான். அப்போதும் சோதனை மேடையின் பம்ப் போடும் கூச்சலுக்குக் காதடைப்பு இல்லாமல் நிற்க முடியாது.

காலிக் கோப்பையோடு உள்ளே வந்த சக ஊழியர் அய்னலெம், திரையைப் பார்த்ததும் அவன் காதடைப்பைத் தூக்கிவிட்டாள்.

"பெலாச்சு, உன் பேரிங் காபி இடிக்குது!"

"என்ன உளறுற?"

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நமக்குக் காபி போடற வுபித் அக்கா உரல்ல இடிச்சிட்டிருக்காங்க. இப்பதான் பாத்துட்டு வரேன். இதே டக்... டக்... டக்!"

சேதி பரவி, பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. ஷிமெலிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "உரல் இல்ல, பேரிங்தான்னு நிரூபி" என்றார்.

"ரெண்டு நாள் காபியை நிறுத்திப் பார்க்கலாம் சார்."

ஆளாளுக்குத் தங்கள் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"காபியை நிறுத்தணுமா? இன்ஜினை வேணா நிறுத்துப்பா" என்றார் ஷிமெலிஸ்.

"காபி இருக்கட்டும் சார். இடிக்காம..."

"இடிக்காம காபியா? உங்க வீட்ல அப்படித்தான் குடிக்கிறீங்களா?"

தன் குடும்ப மானத்தைக் காக்க பெலாச்சு அங்கிருந்து நழுவினான்.

அடுத்த நாள் ஒரு கோணியை எடுத்துக்கொண்டு வுபித்திடம் போனான். "அக்கா, உரலுக்கு அடியில இதைப் போட்டுக்கங்க."

"ஏன், உரலுக்குக் குளிருதா?"

கோணி போட்டார்கள். கோடு குதித்தது.

அதற்கடுத்த நாள், உரலும் அடுப்பும், காபி கொதிக்கும் மண் கூஜாவான ஜெபனாவுமாக வுபித்தைக் கடைசி வாசல் பக்கம் குடியேற்றினான். காபி போன இடத்துக்குப் பட்டறையும் போனது. மூன்று சுற்றுக் காபியும் பொரித்த சோளமும் முடித்து அவ்வளவு தூரம் நடந்து திரும்புவதற்குள் பொழுது சாய்ந்தது. வேலை தேங்கியதற்கும் திட்டு பெலாச்சுவுக்குத்தான். கோடோ முன்னைவிட உயரமாகக் குதித்தது.

"தரை முழுக்க ஒரே கான்கிரீட் இல்லையா? அதிர்வு ஓடி வந்துடும்" என்று ஆறுதல் சொன்னாள் அய்னலெம். அந்த மாதிரி ஆறுதலுக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது.

விரக்தியில் பெலாச்சு ஒரு காரியம் செய்தான். எந்தப் புத்திசாலியும் செய்யமாட்டான், படித்தவன் செய்வான். வுபித்தின் உலக்கையைக் கையில் வாங்கி, "அக்கா, இப்படி... மெதுவா... தாளம் மாத்தி இடிங்க" என்று இடித்துக் காட்டினான்.

வுபித் இடுப்பில் கைவைத்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கம்மாகூட எனக்கு இடிக்கச் சொல்லிக் குடுத்ததில்ல. இதுக்குன்னு நீ வந்து பொறந்தியாக்கும்! சரி தம்பி, இனிமே உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, போ."

மறுநாள் அவள் பழைய இடத்துக்கே திரும்பி, வழக்கம்போல எல்லார் எதிரிலும் கொட்டையை வறுத்து, புகை மணக்கும் சட்டியை ஒவ்வொருவர் மூக்கருகிலும் காட்டிவிட்டு, உரல் இருந்த தடுப்புக்குப் பின்னால் எடுத்துப் போனாள். பெலாச்சு ஓடிப்போய் பேரிங்கைச் சுழலவிட்டான். கோடு எகிறிக் குதித்தது. இத்தனை நாளில் இல்லாத உயரம்!

'வேணும்னே ஓங்கிப் போடுறாங்க' என்று நினைத்துக்கொண்டான். அதற்கடுத்த நாளும் அதே கதை.

வியாழன் வந்தது. குளிர்கிடங்கில் ரோஜாக்கள் காத்திருந்தன. வுபித் வறுத்த கொட்டையோடு தடுப்புக்குப் பின்னால் போனதும், எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு சோதனை மேடையைச் சூழ்ந்து நின்றார்கள். கோடு குதித்தது.

மேடையை நிறுத்திய பிறகு காபி வந்தது. ஷிமெலிஸ் ஒரு வாய் உறிஞ்சிக் கண்களை மூடினார். "ஆகா! வுபித், ரெண்டு மூணு நாளா உன் காபிக்கு ஒரு தனி மணம் வந்திருக்கு. கை இடி கை இடிதான். நாக்கு பொய் சொல்லாது." பிறகு பெலாச்சுவிடம் திரும்பினார். "உன் கணினிதான் பொய் சொல்லுது. உரலுக்கும் பேரிங்குக்கும் வித்தியாசம் தெரியாத நிரலை வச்சு நான் என்ன பண்றது? பேரிங்கை எடுத்துட்டுப் போய் இன்ஜின்ல மாட்டு. திங்கக்கிழமை டயர் பக்கம் வந்துடு."

பெலாச்சு பேரிங்கைக் கழற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். அத்தனை மாத உழைப்பும் உள்ளங்கையில் கனத்தது.

"நான் போட்ட கணக்கு தப்பாவே இருக்கட்டும் சார். ஆனா இது மேல போய் ஒடைஞ்சுதுன்னா..."

"ஒடையாது. அந்த உரலையும் இன்னைக்கே வெளியே தூக்கிப் போடச் சொல்றேன். பிரச்சினை தீர்ந்துது."

இரண்டாம் சுற்று ஊற்றிக்கொண்டிருந்த வுபித், ஜெபனாவை ணங்கென்று கீழே வைத்தாள்.

"அந்த உரல் யாரை என்ன பண்ணுச்சு? இந்தத் தம்பி தாளம் சொல்லிக் குடுத்த அன்னைக்கே கோவத்துல உலக்கையை வீட்ல கொண்டுபோய்ப் போட்டுட்டேன், அன்னையிலருந்து நீங்க ஆகா ஓகோன்னு குடிக்கிறதெல்லாம் மெர்காட்டோ சந்தைக் கடை மிஷின்ல அரைச்ச தூளு!"