பட்டையைக் கிளப்பிய மரம்

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு, தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அண்ணியையும் உங்கள் முழங்கால் வலியையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இன்று எழுந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக்குப் போய், மரத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். ஏன் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்று வரும் உங்களுக்கு அறை கட்ட, அந்த 'வேண்டாத மரத்தை' வெட்டச் சொன்னீர்கள் அல்லவா? போன மாதமே மரம் வெட்டுபவரை வரவழைத்தேன். முதல் கிளை விழுந்ததும் தெருவே மணத்தது. அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது ஏதோ பட்டை மரம்மா. விசாரிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று போய்விட்டார். தாவரவியல் பேராசிரியையான என் கல்லூரித் தோழியை அழைத்தேன். அவள் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு மரத்தை மூன்று முறை சுற்றி வந்தாள். அவள் கோயிலைக்கூட அப்படிச் சுற்றி நான் பார்த்ததே இல்லை, அண்ணா. பிறகு, "இது கடைப் பட்டை இல்லடி. காட்டு இலவங்கம். காட்டுலயே தேடித்தான் பிடிக்கணும். ஏதோ பறவை எச்சத்துல வந்திருக்கு" என்றாள். இருபது வருடமாக அதனடியில் துணி காயப்போடுகிறேன். ஓர் இலையைக் கசக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. இன்னும் எதையெல்லாம் முகராமல் விட்டிருக்கிறேனோ.

உங்கள் மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில், "எங்க வீட்டு மரம் பட்டையைக் கிளப்புது, எல்லாரும் வாங்க" என்று போட்டுவிட்டார். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லோரும் கத்தியோடு வந்து நிஜமாகவே கிளப்பிவிட்டார்கள். "என்னக்கா இது அநியாயம்?" என்றால், எதிர்வீட்டு அக்கா, "உங்க வீட்டுக்காரர்தானே கிளப்பச் சொன்னாரு! நான் நாலு துண்டுதான் எடுத்தேன். தையல்காரரைக் கேளு" என்கிறார். தையல்காரர் அளவெடுத்து, பிசிறில்லாமல் உரித்திருந்தார்.

தோழி ஓடிவந்து பார்த்தாள். "சுத்தி உரிச்சிருந்தா செத்திருக்கும். ஒரு கையகலம் மிச்சம் இருக்கு. பிழைச்சாலும் பிழைக்கும்." பழைய போர்வையைக் கிழித்துக் கட்டினேன். நேற்று நுனி இலைகள் சிவந்திருந்தன. "முடிஞ்சுது கதை" என்றார் இவர். நாற்பத்தைந்து வயதில் ஒரு மரத்துக்காக அழுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. தோழியோ போனில் சிரிக்கிறாள்: "மக்கு, அதுக்குத் தளிரே சிவப்புதாண்டி!" இன்று கீறிய இடத்திலும் பச்சை; உயிர் இருக்கிறது.

ஆனாலும் உங்கள் சொல்லைத் தட்டமாட்டேன். வெள்ளிக்கிழமை மரம் வெட்டுபவரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, முழங்காலுக்குத் தைலம்.

அன்புத் தங்கை

பி.கு.: வெள்ளிக்கிழமை அவர் ரம்பத்தோடு வரவில்லை, மரத்தைச் சுற்றி வேலி போட வருகிறார். உங்களுக்கு எங்கள் அறையைத் தருகிறேன். ஜன்னலைத் திறந்தால் மரம்தான். நாங்கள் மாடியில் தட்டுமுட்டுச் சாமான் அறைக்குப் போகிறோம். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தானும் மாடிக்குப் போவது உங்கள் மாப்பிள்ளைக்கே தெரியாது.