எல்லாப் புகாரும் என் பெயரில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா ஆசிகளுடன் எழுதுவது. நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சமையலறையில் குழாய்க்காரர் தட்டிக்கொண்டிருக்கிறார், அதற்கு உங்கள் அத்தை பாத்திரங்களால் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆகவே அந்த வரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் இருக்க ஏன் கையால் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். அதன் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை.

எல்லாம் அந்தப் புகார்ப் படிவத்தால் வந்த வினை. எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கு நான் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். குழாய் ஒழுகினாலும் விளக்கு எரியாவிட்டாலும் எல்லோரும் என்னை லிஃப்டில் மடக்கிச் சொல்வார்கள், கீழே வருவதற்குள் பாதியை நான் மறந்துவிடுவேன். அதனால் வேர்டில் ஒரு படிவம் செய்தேன். பெயர் என்று போட்டு ஒரு கோடு, வீட்டு எண் என்று போட்டு ஒரு கோடு, எல்லாம் அடிக்கோட்டு விசையை அழுத்திப் பிடித்து இழுத்தவை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் யாராவது அதில் ஓர் எழுத்து தட்டினால் கோடு வலப்பக்கம் நகர்ந்து வழிவிட்டது. மேல் வீட்டுப் பல் டாக்டரம்மா தன் புகாரை எழுதி முடித்தபோது கோடுகளெல்லாம் அடுத்த பக்கத்தில் இருந்தன. அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கோடெல்லாம் வேணாம் மாமா. டெவலப்பர்னு ஒரு டேப் இருக்கு, அதுல போய் கட்டம் கட்டமா வைங்க. அவங்க கட்டத்துக்குள்ள மட்டும் டைப் பண்ணட்டும். மத்ததைப் பூட்டிடுங்க." சொன்னபடியே செய்தேன். பெயருக்கு, வீட்டு எண்ணுக்கு, புகாருக்கு என்று தனித்தனிக் கட்டம். எவ்வளவு அவசரம் என்பதற்குக் கீழே விரியும் பட்டியல்: அவசரம், மிக அவசரம், நேற்றே வந்திருக்க வேண்டும். கட்டங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டாமா? மாதிரிக்கு என் பெயரையே போட்டேன், எங்கள் வீட்டு எண்ணைப் போட்டேன், 'சமையலறைக் குழாய் ஒழுகுகிறது' என்று ஒரு புகாரும் எழுதினேன். அப்போது எங்கள் குழாய் ஒழுகவே இல்லை, சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினேன். பிறகு பூட்டப் போனால், ஒவ்வொரு கட்டத்துக்கும் 'அழிக்க முடியாது' என்று ஒன்று, 'உள்ளே இருப்பதை மாற்ற முடியாது' என்று இன்னொன்று. ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டு நல்லதுதானே என்று இரண்டிலும் டிக் அடித்தேன். பட்டியலில் மட்டும் அடிக்க மறந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே பாஸ்வேர்ட். 'பிரிண்ட் எடுத்துக் காவலாளி அறைப் பெட்டியில் போடவும், பேனாவால் எழுதினால் செல்லாது' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. அதே சூட்டோடு அடுத்த செயலாளர் தேர்தலுக்கான வேட்புமனுவையும் இதே பாணியில் செய்து, இரண்டையும் எல்லோருக்கும் அனுப்பிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தேன்.

மறுநாள் குழாய்க்காரர் வந்தார். கையில் காவலாளி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த படிவம். எங்கள் குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று மாட்டிவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். "ஏம்ப்பா, எங்க வீட்ல ஒண்ணும் ஒழுகலையே" என்றேன். "நீங்களே எழுதிக் குடுத்துட்டு நீங்களே இல்லைங்கறீங்க. நேத்தே வந்திருக்கணும்னு அதட்டல் வேற" என்றார். டாக்டரம்மாவை மாடிப்படியில் பிடித்து விசாரித்தால், "எதைத் தட்டினாலும் எழுத வரலை சார். அவசரம் மட்டும்தான் மாறுச்சு. எப்படியும் உங்களுக்குப் புரியும்னு போட்டுட்டேன்" என்கிறார். எனக்கு என்ன புரியும், என் பெயர்தான் புரியும். இந்தக் கட்டடத்தில் எந்த வீட்டில் எது உடைந்தாலும் குழாய்க்காரர் நேரே எங்கள் சமையலறைக்கு வருகிறார். கழற்றிக் கழற்றி மாட்டியதில் இப்போது எங்கள் குழாய் நிஜமாகவே ஒழுகுகிறது. டாக்டரம்மா வீட்டுக் குளியலறைத் தண்ணீரோ எங்கள் கூடத்துக் கூரை வழியாக என் சாய்வு நாற்காலியில் சொட்டுகிறது. நான் நின்றுகொண்டே பேப்பர் படிக்கிறேன்.

திறந்து திருத்தலாம் என்றால் பாஸ்வேர்ட் நினைவில்லை. "மறக்க முடியாததா ஒண்ணு வைங்க மாமா" என்றீர்களே, அப்படித்தான் வைத்தேன். உங்கள் அத்தையின் பெயரைப் போட்டேன், திறக்கவில்லை. பிறந்தநாளைப் போட்டேன். பின்னால் நின்றிருந்தவள், "அது என் தங்கச்சி பொறந்தநாள்" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. நேற்றுதான் வாய் திறந்தாள். "சங்கமா, வீடா, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க. உங்களை விட்டா இங்க வேற ஆளே இல்லையா?" என்றாள். பிறகு, "ஆமா, வேட்புமனுவை எங்க போடணும்?" என்றாள். பெட்டியைச் சொன்னேன். யாருக்காகவோ கேட்கிறாள் போலிருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. இனி செயலாளர் பதவியின் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேர்தல். யார் வேண்டுமானாலும் ஜெயித்துக்கொள்ளட்டும். நீங்கள் சனிக்கிழமை வந்து அந்தப் புகார்ப் படிவத்தின் பூட்டை மட்டும் உடைத்துக் கொடுத்துவிட்டால், நான் கௌரவமாகச் சாவியை ஒப்படைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். நோய்நொடி இல்லாமல், எதையும் பூட்டாமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது காவலாளி வேட்புமனுக்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தேன். டாக்டரம்மா போட்டதில் வேட்பாளர் நான். எதிர்வீட்டு வக்கீல் போட்டதிலும் நான். அந்தப் படிவத்திலும் மாதிரிக்கு என் பெயரைத்தான் போட்டிருந்தேன் போலிருக்கிறது. எதிர்ப்பே இல்லை. கட்டடமே இப்படித் திரண்டு வந்து கேட்கும்போது மறுப்பது மரியாதையா? ஆகவே நீங்கள் வர வேண்டாம் என்று எழுதப் போனேன். அதற்குள் கடைசி உறையைப் பார்த்தேன். அதன் மேல் உங்கள் அத்தையின் குண்டுக் கையெழுத்து. தனக்காகத்தான் கேட்டிருக்கிறாள். உள்ளே என் பெயர். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். பூட்டை உடைக்காவிட்டாலும் பரவாயில்லை. மாப்பிள்ளை எதிரில் அவள் என்னைத் திட்டமாட்டாள்.