படகுக்கு ஒரு காம்பவுண்டு

அயனம்பாக்கம்,
வியாழக்கிழமை.

என் உடன்பிறந்த திருவேங்கடத்துக்கு அக்கா நாகவல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் முழங்கால் வலியும் உன் சம்சாரத்தின் சர்க்கரையும் அடங்கியிருக்க முருகனை வேண்டுகிறேன்.

பேரன் கிரண் கம்பெனியில் பத்துப் பேருக்குத் தலைவனாகிவிட்டான். வீட்டிலிருந்தே வேலையாம், படுக்கையில் இருந்தபடியே தலைமை தாங்குகிறான். பேத்தி வித்யா ஆடிட்டர் பரீட்சையை முதல் தடவையிலேயே தாண்டினாள். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலிலேயே அவளுக்கு நிச்சயதார்த்தம். இந்த ரத்தினங்களைப் பெற்ற என் மகன் தட்சிணாமூர்த்தி சாதித்ததையும் சொல்ல வேண்டுமே. அவன் படகு வாங்கினான்.

போன மழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்து முன்பக்கச் சுவரைச் சாய்த்ததல்லவா? அடுத்த மழைக்கு உதவும் என்று பழைய ஃபைபர் படகு ஒன்றைப் பிடித்து, சுவர் விழுந்த வழியாகவே உள்ளே கொண்டுவந்து வைத்தான். அன்றிலிருந்து மழையே இல்லை. பந்தல் போட வேண்டிய இடம் முழுக்கப் படகு. "ஞாயித்துக்கிழமை இங்க படகு இருந்தா நான் இருக்க மாட்டேன்" என்று மருமகள் வனஜா சொல்லிவிட்டாள். நாளை ஒருவர் வந்து விலைக்கு எடுத்துக்கொள்வாராம், ஆனால் பளபளவென்று இருந்தால்தானாம். அதுவோ வெயிலில் கிடந்து விபூதி பூசியதுபோல வெளுத்திருந்தது. ஆள் வைக்கலாமே என்றால், "எல்லாம் செல்போன்ல பாத்துட்டேம்மா, நானே பண்ணிடுவேன்" என்றான். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினான். பெற்ற பிள்ளைகளை ஒருநாளும் அப்படிக் குளிப்பாட்டியதில்லை. உப்புத்தாளால் தேய்த்தான். மொட்டை வெயிலில் மெழுகு பூசினான், அது தோசைக்கல்லில் மாவு மாதிரிப் பிடித்துக்கொண்டது. மறுபடி செல்போனைப் பார்த்துவிட்டு, "மொதல்ல காம்பவுண்டு போடணும்மா, அப்புறம்தான் வாக்ஸு. காம்பவுண்டு போடலேன்னா வர்ற ஆளு தொடக்கூட மாட்டான்" என்று நேற்றுக் காலை வண்டியை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் போனான்.

காம்பவுண்டு என்றால் எனக்குத் தெரிந்தது சுவர். உனக்கும் அதுதானே? பிள்ளை தவிக்கிறானே என்று கொத்தனார் வேம்புலியைக் கூப்பிட்டேன்.

"இன்னா ஆயா, படகு உள்ள கீதே?"

"அதுக்குத்தான்டா காம்பவுண்டு."

"செரி, உன் ஊடு, உன் படகு" என்று ஆட்களோடு வந்து, பொழுது சாய்வதற்குள் கல் அடுக்கிப் பூசியும் விட்டான். அப்புறம்தான் மகன் கடை கடையாக அலைந்துவிட்டு, கையில் ஒரு டப்பாவோடு வந்து நின்றான். டப்பாவில் இருக்கும் பசைக்குப் பெயர்தான் காம்பவுண்டாம், தேய்த்தால் மங்கல் போகுமாம். பசைக்குச் சுவரின் பெயரை வைத்தவனை விட்டுவிட்டு என்னை முறைக்கிறான்.

"இப்ப படகு எப்படிம்மா வெளிய போவும்?"

"செல்போன்ல பாரேன்" என்றேன்.

கேட்டில் ஸ்கூட்டர்தான் நுழையும். வேம்புலியோ, "நான் கட்னத நானே இடிக்கணுமா? வேற ஆளப் பாத்துக்க" என்கிறான். மகன் விடிந்ததிலிருந்து அந்தப் பசையைப் போட்டுப் படகைத் தேய்க்கிறான். மருமகள் பெட்டி கட்டுகிறாள். நீ உடனே வந்து அவளிடம் பேசு.

குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். உன் பேத்திக்குக் காது குத்திய புதுப் போட்டோ ஒன்றைத் தபாலில் போடு. போன தடவை அனுப்பியதில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
அக்கா நாகவல்லி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மாப்பிள்ளையின் அம்மா இடம் பார்க்க வந்தார்கள். படகைப் பார்த்ததும், "இதுல உக்காந்துதான் மாலை மாத்தப் போறாங்களா? எங்க சொந்தத்துல யாரும் பண்ணாத ஏற்பாடாச்சே!" என்று பூரித்துப்போனார்கள். வனஜா கண் இமைக்காமல், "ஆமாங்க, அவரே கையால தேய்ச்சாரு" என்றாள். ஆகவே படகு எங்கேயும் போகவில்லை, வனஜாவும் போகவில்லை. மகனைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. சுவர் என் யோசனை, அதை மட்டும் அடிக்காதே.