கேப்டனின் தொப்பி

நான் என் வாழ்க்கையில் மிகக் கவனமாகப் படித்தது ஒரு பத்திரிகை விளம்பரத்தை. மொத்தம் பதினோரு வரி. அதில் பத்து வரியை இப்போது கேட்டாலும் தடுமாறாமல் ஒப்பிப்பேன். முதல் வரியை மட்டும் சரியாகப் படிக்கவில்லை. படித்துக் கெட்டவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் படிக்காமல் விட்டுக் கெட்டவள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. (எங்களுடையது என்றால் நாங்கள் வேலை பார்த்தது. துரையுடையது என்பதுதான் சரி.) தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற ஆலையில், அப்பா இஞ்சின் பார்த்தார். அம்மா மலையில் கொழுந்து எடுத்தாள். எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, ஹட்டனுக்குப் போய் விடுதியில் தங்கிப் பெரிய பரீட்சை எழுதிய முதல் பெண் நான்தான். கணிதமும் பௌதிகமும் எனக்கு நன்றாக வந்தன. தலைக்கனம் அவற்றைவிட நன்றாக வந்தது.

பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த நாட்களில் கங்காணி ஒருநாள் வந்து, "சும்மாதானே இருக்கு புள்ள, பேர் பதிஞ்சுருவமா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார். பேர் பதிந்தால் மறுநாள் காலையிலேயே வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் போய் நின்று, கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான். அந்த வாரம்தான் என் பௌதிக ஆசிரியை அந்த விளம்பரத்தை வெட்டித் தபாலில் அனுப்பியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கூடவே ஒரு துண்டுக் கடிதம்: "பாக்கியம், இதிலை பொம்பிளையள் கூடாதெண்டு எங்கையும் எழுதியில்லை. போட்டுப் பாருமன்."

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு வருடப் படிப்பு. முடித்தால் ஒரு கையில் பட்டம், மறு கையில் விமானம் ஓட்டும் உரிமம். செலவு முழுவதும் அவர்களே ஏற்பார்கள். கணிதத்திலும் பௌதிகத்திலும் சிறப்பாகத் தேறியிருக்க வேண்டும். உயரம் ஐந்தடி இரண்டங்குலம். கண்ணாடி கூடாது. சொத்தைப் பல் கூடாது.

விமானத்தை அதுவரை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. மூடுபனிக்கு மேலே எங்கோ ஒரு சத்தம் போகும், அவ்வளவுதான். வெறும் சத்தத்தை நம்பித் தொழிலைத் தேர்ந்தெடுத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் பேர் பதிகிறவர்கள் ஏற முடியாத ஒரே இடம் அந்தச் சத்தம் போகிற இடம் என்று தோன்றியது. அது போதுமாக இருந்தது.

தயாரிப்பைத் தொடங்கினேன். முதலில் உயரம். ஐந்தடிக்கு மேல் முக்கால் அங்குலம்தான் இருந்தேன். லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், கூரைக் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் அரைமணி நேரம் தொங்கினேன். போகிற வருகிற சனமெல்லாம் நின்று பார்த்தது. அம்மாதான் கவலைப்பட்டாள். "அடியே, ஆளு வளராம கை மட்டும் வளந்துரப் போவுது, பாத்துக்க."

அடுத்தது கண். கரட் தின்றால் பார்வை கூர்மையாகும் என்று எங்கோ படித்திருந்தேன். கந்தப்பளையில் சித்தி வீட்டுத் தோட்டத்தில் கரட்டுக்குப் பஞ்சமில்லை. சாக்கில் வந்தது. காலையில் கரட், மத்தியானம் கரட், பொழுதுசாயக் கரட். இரண்டு மாதத்தில் பார்வை அப்படியேதான் இருந்தது. உள்ளங்கைதான் மஞ்சளாகிவிட்டது.

மூன்றாவதுதான் முக்கியமானது. 'ஒரு பெண் ஏன் விமானம் ஓட்ட வேண்டும்?' என்று கேட்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆங்கிலத்தில் மூன்று பக்கம் பதில் எழுதி மனப்பாடம் செய்தேன். ஆவேசமான பதில். சொல்லி முடிக்கும் இடத்தில் கை தானாக மேசையைத் தட்டும். (மேசை இல்லாததால் அரிசிப் பெட்டியைத் தட்டிப் பழகினேன்.)

அழைப்பு வந்தது. 'திருவாளர் மு. பாக்கியம்' என்று போட்டிருந்தார்கள். சண்டைக்கு இதுவே நல்ல ஆரம்பம் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்பா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். முதல் நாளே கொழும்புக்குப் போய், கொட்டாஞ்சேனையில் மாமா வேலை செய்த கடைக்குப் பின்னால் தங்கினோம். மறுநாள் காலை ரத்மலானை விமானத் திடல். அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போனேன். வாசலில் அப்பாவை நிறுத்திவிட்டார்கள். "நீ போம்மா, நான் இந்த வேலிக்கிட்டேயே நிக்கிறேன்" என்றார் அப்பா. வெள்ளை வேட்டி, அதற்கு மேல் கறுப்புக் கோட்டு. அவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு அது.

உள்ளே பத்துப் பேர். நான் தவிர ஒன்பது பேரும் கால்சட்டை போட்ட இளைஞர்கள். முதலில் பத்திரங்களைச் சரிபார்க்க வேண்டுமாம். அதைப் பார்க்கிற கிளார்க் வர நேரமாகும் என்பதால் மற்ற வேலைகளை முன்னால் நடத்தினார்கள். இந்தச் சின்ன மாற்றத்தால்தான் என் வாழ்க்கையில் ஒரு கால் மணி நேரம் எனக்குக் கிடைத்தது.

நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பெண் என்பதைப் பார்த்து ஒருவர் புருவத்தை உயர்த்தினார், பிறகு இறக்கிவிட்டார். விமானத்தின் சிறகை எது தூக்குகிறது என்று கேட்டார்கள். ஸ்டோர் மாடியில் கொழுந்து வாட்டுவதற்குப் பெரிய விசிறி போட்டால் காற்று எங்கே அழுத்துகிறது, எங்கே இழுக்கிறது என்பதிலிருந்து தொடங்கிச் சொன்னேன். நடுவில் இருந்தவர் முன்னால் சாய்ந்து கேட்டார். மூன்று பேரும் நன்றி சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றார் நடுவில் இருந்தவர்.

"பெண் ஏன் ஓட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லையே, சார்."

"கேட்க வேண்டுமா?"

மூன்று பக்கமும் தொண்டையில் நிற்க வெளியே வந்தேன்.

அடுத்து டாக்டர். உயரத்துக்காகக் கொண்டையை உச்சந்தலையில் தூக்கி முடிந்திருந்தேன். அவர் அளவுகோல் பலகையை இறக்கி, கொண்டையை ஒரு அமுக்கு அமுக்கினார். அது அமுங்கிக்கொண்டே போனது. ஐந்தடி ஒன்றேகால் என்று வந்ததும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஐந்தடி இரண்டு என்று எழுதினார். கைமரம் அரை அங்குலம் கொடுத்திருந்தது. மீதி அவர் கொடுத்தது. பிறகு உள்ளங்கையைப் பார்த்துவிட்டார். "மஞ்சள் காமாலையா?" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். கடைசியில் நான் தலையைக் குனிந்துகொண்டு கரட் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் ஓடி வந்தாள்.

அதன் பிறகு விமானம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம். ஓட்டியவர் நரைத்த மீசை வைத்த ஒரு கேப்டன். தங்க ஜரிகை வைத்த தொப்பியைக் கழற்றி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். விமானம் ஓடியது, குதித்தது, பிறகு குதிப்பது நின்றுவிட்டது. கீழே பார்த்தபோது தென்னை மரங்களும் கடலும் தெரிந்தன. வேலியோரம் வெள்ளையும் கறுப்புமாக ஒரு புள்ளி. அது அசையாமல் நின்றது.

"இப்போது நீ பிடி. அடிவானத்தைப் பார்த்து நேராகப் போ" என்றார் கேப்டன்.

பிடித்தேன். ஒரு இயந்திரம் என் கைக்குக் கட்டுப்பட்டு ஆகாயத்தில் போனது. இதை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுத வராத விஷயம் என் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

பிறகு கேப்டன் ஒரு திருப்பம் திருப்பச் சொன்னார். திரும்பியது விமானம் மட்டுமல்ல. ரொட்டி, சம்பல், இரண்டு மாதத்துக் கரட் எல்லாம் சேர்ந்து திரும்பின. ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துழாவினேன். அகப்பட்டது தொப்பிதான். நல்ல ஆழமான தொப்பி. நிறைந்துவிட்டது.

இறங்கியதும் குழாயடியில் நின்று, ஒன்பது இளைஞர்கள் பார்க்க, சவுக்காரத் துண்டு ஒன்றை வாங்கி அந்தத் தொப்பியைத் தேய்த்துக் கழுவினேன். ஜரிகை பிய்ந்து கையோடு வந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்று நின்றபோது கேப்டன் பின்னால் வந்தார்.

"முதல் தடவை நானும் எடுத்தேன். என் குருவின் மடியில்" என்றார். "ஒன்று கவனித்தாயா? நீ வாந்தி எடுத்தபோது விமானம் ஒரு அங்குலம்கூட ஆடவில்லை. அதைத்தான் எழுதியிருக்கிறேன். முதல் இடத்தில் உன் பெயர்."

அந்த நேரத்தில்தான் கிளார்க் வந்து சேர்ந்தார். மெலிந்த, சாதுவான சிங்களவர். என்னை "நங்கி" என்றுதான் கூப்பிட்டார். தங்கச்சி என்று அர்த்தம். என் பிறப்புச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது சரி நங்கி. பிரஜைப் பத்திரம்?" என்றார்.

"இதுதானே சார். இங்கதான் பொறந்தேன்."

"பொறந்தது சரி. பிரஜையா?"

விளம்பரத்தின் முதல் வரி அப்போதுதான் கண்முன்னால் வந்து நின்றது. 'இலங்கைப் பிரஜைகளிடமிருந்து விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன.' கடிதத்தில் 'ஐயா' என்று தொடங்குவது மாதிரி ஒரு மரியாதைக்குப் போட்ட வரி என்று நினைத்திருந்தேன். டீச்சரும் அப்படித்தான் நினைத்திருப்பார். யாழ்ப்பாணத்துக்காரரான அவருக்கு அது எந்த நாளும் ஒரு கேள்வியாக இருந்ததில்லை.

நாடு சுதந்திரமடைந்த கையோடு தோட்டத்துச் சனங்களின் பிரஜாவுரிமையைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் மனுப் போடுங்கள் என்றார்கள். அப்பாவும் போட்டார். விசாரணைக்குக் கூப்பிட்ட அதிகாரி, "உன் ஊர் எது?" என்று கேட்டார். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்கிற மாதிரி அப்பா "துறையூருங்க" என்று சொல்லிவிட்டார். திருச்சிப் பக்கத்துத் துறையூர். அவருடைய தாத்தா விட்டுவிட்டு வந்த ஊர். அப்பா அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அதிகாரி அதை எழுதிக்கொண்டார், மனு தள்ளுபடியானது. அது அப்பாவின் வோட்டுச் சமாச்சாரம் என்றுதான் நான் இருந்தேன். (பௌதிகத்தில் தொண்ணூறு வாங்கிய மூளை.)

கேப்டன் ஈரத் தொப்பியோடு உள்ளே வந்தார். "கொண்டு வரட்டும், ஒரு மாதம் பொறுப்போம்" என்றார்.

"கொண்டு வர முடியாது சார். இவங்களுக்குக் கிடையாது" என்றார் கிளார்க் மெதுவாக.

"கிடையாது என்றால்? பின்னே எந்த நாடு?"

"எந்த நாடும் இல்லை சார்."

கேப்டனுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அவருடைய பிய்ந்த ஜரிகையைப் பார்த்தேன். பெண்ணாகப் பிறந்ததற்காக என்னைத் தள்ளுவார்கள் என்று இரண்டு மாதம் சண்டைக்குத் தயாராகிப் போனவள் நான். அங்கே ஒருவர்கூட அதைப் பெரிதுபடுத்தவில்லை. எதற்குப் பதில் தயாரித்தேனோ அது கேள்வியாகவே வரவில்லை. வந்த கேள்விக்கு என்னிடம் மூன்று எழுத்துக்கூட இல்லை.

கிளார்க் என் பெயரின் மேல் கோடு போட்டார். கோணாமல் இருக்க அடிமட்டம் வைத்துப் போட்டார்.

வேலியடியில் அப்பா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தேன்மா. இங்கிட்டும் அங்கிட்டும் திரும்புச்சே, அது நீதானே? என்னா சொன்னாங்க?"

துறையூர் என்ற ஒரு சொல்லால்தான் என்று இவரிடம் எப்படிச் சொல்வது?

"வாந்தி எடுத்துட்டேன்ப்பா" என்றேன். "கேப்டன் தொப்பியில. அதான் வேணாம்னுட்டாங்க."

அப்பா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அது அவருக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஹட்டன் ரயிலில் எதிரே இருந்தவரிடம் சொன்னார். பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னார். நாங்கள் லயத்துக்கு வந்து சேருவதற்குள் கதை முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு வருடத்தில் அந்தத் தொப்பி கவர்னருடையதாகிவிட்டது. திரும்பி வந்த அடுத்த மாதமே பேர் பதிந்து பெரட்டில் போய் நின்றபோது, கங்காணி தன் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டுதான் என் பேரைக் கூப்பிட்டார். மூன்று வருடம் கொழுந்து எடுத்தேன். பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். எனக்குப் பதிலாக வெளிநாடு போனது அந்த ஒன்பது பேரில் யார் என்று எனக்குத் தெரியாது. நல்ல பையனாக இருக்கட்டும்.

அப்பா சாகும்வரை அந்தக் கதையைச் சொன்னார். அவர் போன பிறகு தம்பி சொல்கிறான், தம்பி பிள்ளைகள் சொல்கிறார்கள். இறம்பொடை மலை வளைவுகளில் பஸ் வளைந்து ஏறும்போது எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் என்னிடம் தொப்பியை நீட்டாமல் இருந்ததில்லை. நானும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

போன மாதம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். என் மகள் மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, ஒரு வாந்திக்காகவா படிக்கவே விடாம அனுப்பிட்டாங்க?"

"ஆமா" என்றேன். "அப்பல்லாம் சட்டம் ரொம்பக் கண்டிப்பு."