தங்கவயலை விற்கப் பார்த்தவள்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஊரையே ஏமாற்றியவள் நான். (வேண்டுமென்று இல்லை. ஆனால் கச்சிதமாக.)

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் தங்கவயல் சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று திங்கட்கிழமை பேப்பரில் வரும். மூட மாட்டார்களாம் என்று புதன்கிழமை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கப் போகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை. கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் வேலையில் இருந்த என் நைனா, "எவன்னா வாங்கட்டும், ஷிப்டு இருந்தா போதும்" என்பார். வேலை போனால் கம்பெனி கொடுத்த குவாட்டர்சும் போய்விடும். வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா வேண்டாமா என்று அம்மா இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

நான் பங்காருபேட்டையில் ஒரு டூரிஸ்ட் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுரங்கத்தைச் சுற்றிக்காட்டும் வேலை. ஆறு மாசமாக ஓர் ஈ காக்கா வரவில்லை. திறந்திருக்குமா என்று டெல்லிக்கே தெரியாத இடத்துக்கு எவன் டிக்கெட் போட்டு வருவான்? கடைசியில் லண்டனிலிருந்து ஒரு வயசான துரை போன் செய்தார். எங்கள் ஊர் மாரிகுப்பத்தில் தங்கள் குடும்பத்து ப்ளாட்டைப் பார்க்க மனைவியோடு வருகிறாராம்.

ப்ளாட்! எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அளந்து, கல் நட்டு, ரிஜிஸ்டர் பண்ணுவது.

"நைனா, கம்பெனிக்காரங்க எடம் பாக்க வர்றாங்க!"

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார். சொல்லிவிட்டு அவரே மூன்று ஷிப்டுக்கும் சொல்லிவிட்டார்.

துரையையும் துரைசானியையும் ரயிலில் அழைத்துக்கொண்டு மாரிகுப்பத்தில் இறங்கினால், ஸ்டேஷனில் ஊரே நிற்கிறது. பேண்டு செட், ரோஜா மாலை. துரைசானி கையில் மனுவாகக் குவிகிறது. "போனஸ் விஷயம் இப்பவே பேசிடலாமாம்மா?" என்று ஒருவர் என்னை இடிக்கிறார்.

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கள் தாத்தாவை இத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறீர்களா?"

"எந்தத் தாத்தா?" என்றேன்.

"இங்கே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாரே. அவருடைய ப்ளாட்டைத்தானே பார்க்க வந்தோம்!"

நைனா ஆசையாக வந்து நின்றார். "இன்னாம்மா சொல்றாரு? எத்தினி வருசம் நடத்துவாராம்?"

அந்த ப்ளாட் தாத்தாவைப் புதைத்த இடம் என்று காதில் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போனதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நைனா ஒரு தடவை செருமினார்.

"சரி வுடு. தாத்தாவப் பாக்க வந்தவர வெறுங்கையோட அனுப்ப முடியுமா? வாங்க தொரை, வாங்க!"

பேண்டுக்காரர்கள் தெரிந்த ஒரே கல்யாணப் பாட்டை வாசித்தபடி கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். மாலையை நைனாவே துரையின் கழுத்திலிருந்து வாங்கித் தாத்தாவுக்குப் போட்டார். துரைசானி அத்தனை மனுவையும் பத்திரமாக லண்டனுக்கு எடுத்துப்போனார்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடியே விட்டார்கள். பயந்த மாதிரியே எல்லாம் நடந்தது. பெங்களூர் ரயிலைப் பிடித்து, தினமும் வேலைக்குப் போய் வந்து, எப்படியோ பிழைத்துக்கொண்டோம்.

போன மாசம் என் வீட்டுக்காரர், ஓசூர் பக்கம் நல்ல ப்ளாட் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். நைனா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நீளம் போதுமான்னு படுத்துப் பாத்தீங்களா, மாப்ள?"